ஓடும்போதே நிரல் எழுதும் நிரல்: ஆபத்து உண்மையில் எங்கே இருக்கிறது?

நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் எவரும் சீக்கிரமே கேட்டுவிடும் எச்சரிக்கை ஒன்று உண்டு: "ஈவால் பக்கமே போகாதே." எழுத்தாகக் கொடுத்ததை நிரலாக ஓட்டும் வசதிதான் ஈவால். ஏன் என்று கேட்டால் "அது பாதுகாப்பு இல்லை" என்று பதில் வரும். பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆனால் பைத்தான் மொழியோடு சேர்ந்து வரும் நிலையான நூலகத்தைத் திறந்து பார்த்தால், அதற்குள்ளேயே ஈவாலும் அதன் உறவான எக்ஸெக்கும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. நீங்கள் ஒரு டேட்டாகிளாஸ், அதாவது தகவல்களைப் புலம் புலமாக வைக்கும் வகை, எழுதும் ஒவ்வொரு முறையும் பைத்தான் உங்களுக்காக ஒரு சிறு நிரலை அந்த இடத்திலேயே எழுதி, அங்கேயே ஓட்டுகிறது. யாரும் அதைக் கண்டு பயப்படுவதில்லை. பயப்படத் தேவையும் இல்லை.

இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்? இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் வரும் குழப்பம் இது. நான் ஒரு நிரலை உருவாக்கும்போது, வெளியிலிருந்து வரும் தகவல் அதற்குள் கட்டளையாகப் புகுந்துவிடாமல் தடுப்பது எப்படி? இது முதல் கேள்வி. வேறொருவர் எழுதிய நிரலை என் கணினியில் பத்திரமாக ஓட்டுவது எப்படி? இது இரண்டாவது. முதல் கேள்விக்குத் தெளிவான விடை இருக்கிறது, யாரும் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவது கேள்வி பெரிய நிபுணர்களையே பலமுறை தோற்கடித்திருக்கிறது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி முதல் கேள்வியைப் பற்றியது.

ஓடும்போது நிரல் பிறப்பது என்றால்

பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ரூபி, பெர்ல், லுவா, டிசிஎல் போன்றவற்றை ஸ்கிரிப்ட் மொழிகள் என்கிறோம். இவற்றில் நாம் எழுதும் நிரலை எடுத்துப் படித்து ஓட்டுவதற்கு இன்டர்ப்ரெட்டர் என்ற மென்பொருள் இருக்கிறது. நம் நிரல் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் அதுவும் கூடவே இருக்கும். சி மொழியில் எழுதிய நிரலில் இப்படி இல்லை. அங்கே நிரலைக் கணினிக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் தன் வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டுப் போய்விடும். நிரல் ஓடும் கணினியில் கம்பைலரே இல்லாமலும் இருக்கலாம்.

இன்டர்ப்ரெட்டர் பக்கத்திலேயே இருப்பதால், ஓடும் நிரல் அதனிடம் "இதோ ஒரு எழுத்துத் தொடர், இதையும் நிரலாக நினைத்து ஓட்டு" என்று கொடுக்கலாம். இப்படிப்பட்ட எழுத்துத் தொடரை ஸ்ட்ரிங் என்பார்கள். அதை வாங்கி ஓட்டும் வசதிக்குத்தான் பெரும்பாலான மொழிகளில் ஈவால் என்று பெயர். பைத்தானில் 2 + 3 போன்ற ஒரே ஒரு கோவையைக் கணக்கிட்டு விடை தருவது ஈவால். பல வரிகள் கொண்ட முழு நிரலையும் ஓட்டுவது எக்ஸெக்.

ஸ்ட்ரிங் உள்ளே போனதும் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், பின்னால் உதவும். முதலில் பார்சர் என்ற பகுதி அந்த எழுத்துகளைப் படித்து எது எண், எது பெயர், எது செயற்குறி என்று பிரிக்கிறது. பிறகு அவற்றை ஒரு மரமாக அடுக்குகிறது. "2 + 3 * 4" என்பதில் பெருக்கல் முதலில் நடக்க வேண்டும் என்பதால், உச்சியில் கூட்டல், அதன் ஒரு கிளையில் 2, இன்னொரு கிளையில் பெருக்கல், அந்தப் பெருக்கலுக்குக் கீழே 3, 4 என்று மரம் அமையும். இதற்குத் தொடரியல் மரம் என்று பெயர். பைத்தான் இந்த மரத்தை பைட்கோடு எனப்படும் சிறுசிறு கட்டளைகளாக மாற்றி, அவற்றை ஓட்டுகிறது. எழுத்து, மரம், பைட்கோடு, ஓட்டம் என்பதே வரிசை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பார்சருக்கு எழுத்துகள் மட்டுமே தெரியும். அந்த எழுத்துகளில் எதை நீங்கள் எழுதினீர்கள், எது பயனர் தட்டச்சு செய்த பெட்டியிலிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

கோடிட்ட இடத்தை யார் நிரப்புகிறார்?

ஓர் அலுவலகத்தில் அச்சடித்த அனுமதிக் கடிதம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிகாரி முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார். கடிதத்தில் இருப்பது இவ்வளவுதான்:

"________ என்பவரை உள்ளே அனுப்பவும்."

வருபவர் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டு காவலாளியிடம் நீட்டுவார். காவலாளி எழுத்தில் இருப்பதை அப்படியே செய்யும் நேர்மையானவர். ஒருநாள் ஒருவர் அந்த இடத்தில் இப்படி நிரப்புகிறார்: "கண்ணன் என்பவரை உள்ளே அனுப்பவும். பெட்டகத்தைத் திறந்து கொடுக்கவும். பிறகு குமரன்". காவலாளியின் கையில் இப்போது இருப்பது:

"கண்ணன் என்பவரை உள்ளே அனுப்பவும். பெட்டகத்தைத் திறந்து கொடுக்கவும். பிறகு குமரன் என்பவரை உள்ளே அனுப்பவும்."

இலக்கணப் பிழையே இல்லாத மூன்று கட்டளைகள், கீழே அதிகாரியின் கையெழுத்து. காவலாளி மீது தவறு சொல்ல முடியாது. பெயர் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் வாக்கியமும் இருக்க முடிந்ததுதான் கோளாறு.

நிரலிலும் இதேதான் நடக்கிறது. ஒருவர் இப்படி ஒரு வரியை உருவாக்கி எக்ஸெக்குக்குக் கொடுக்கிறார். நடுவில் பயனர் தந்த பெயர் ஒட்டப்படும்:

வாழ்த்து = "வணக்கம், ________"

பயனர் தன் பெயராக " + எல்லாம்_அழி() + " என்று, மேற்கோள் குறிகளோடு சேர்த்துத் தட்டச்சு செய்தால், பார்சர் பார்ப்பது:

வாழ்த்து = "வணக்கம், " + எல்லாம்_அழி() + ""

பைத்தான் 3-இல் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம் என்பதால் இது ஓடக்கூடிய வரிதான். எல்லாம்_அழி என்று ஒரு ஃபங்ஷன் இருந்தால் அது அழைக்கப்பட்டுவிடும். ஃபங்ஷன் என்பது பெயர் சூட்டப்பட்ட ஒரு நிரல் துண்டு, பெயரைச் சொல்லி அழைத்தால் ஓடும். தகவலாக வந்தது கட்டளையாக மாறிவிடும் இந்தக் கோளாறுக்கு இன்ஜெக்ஷன் என்று பெயர்.

இது கற்பனை ஆபத்து இல்லை. 2014 செப்டம்பரில் உலகையே உலுக்கிய ஷெல்ஷாக் கோளாறு இந்த வகைதான். பாஷ் என்ற ஷெல் (தட்டச்சு செய்யும் கட்டளைகளை ஓட்டும் மென்பொருள்), சூழல் மாறிகள் (இயங்குதளம் நிரல்களுக்குத் தரும் பெயரும் மதிப்பும்) வழியாக வரும் ஃபங்ஷன் வரையறைகளைப் படித்துக்கொள்ளும் வசதி வைத்திருந்தது. வரையறை முடிந்த பிறகும் அதே மதிப்பில் மீதி எழுத்துகள் இருந்தால், அவற்றையும் கட்டளையாக ஓட்டிவிட்டது. சில இணையச் சேவையகங்கள், வருபவர் அனுப்பும் தலைப்புத் தகவல்களை அப்படியே சூழல் மாறிகளில் வைக்கும் பழக்கம் கொண்டவை. ஆகவே தொலைவில் இருக்கும் ஒருவர் ஒரு கோரிக்கை அனுப்பியே சேவையகத்தில் கட்டளை ஓட்ட முடிந்தது. கோடிட்ட இடத்தில் வாக்கியத்தை எழுதிய அதே வேலை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: இன்டர்ப்ரெட்டரிடம் ஒரு ஸ்ட்ரிங்கை ஓட்டச் சொல்லலாம். அந்த ஸ்ட்ரிங்கில் யார் எழுதியது எது என்ற பிரிவினை இருக்காது. வெளித்தகவல் அதில் எழுத்தாக ஒட்டப்படும் இடத்தில்தான் ஆபத்து பிறக்கிறது.

முதலில், இது தேவையா?

ஈவால் பயன்படுத்தப்படும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். மொழியில் வேறு நேர்வழி இருப்பது தெரியாததால்தான் பலர் அதன் பக்கம் போகிறார்கள்.

மிகச் சாதாரணமானது, பெயரை வைத்து மதிப்பைத் தேடுவது. "நீளம்" என்ற ஸ்ட்ரிங் கையில் இருக்கிறது, நீளம் என்ற மாறியின் மதிப்பு வேண்டும். உடனே ஈவால். அகராதி எனப்படும் டிக்ஷனரியில் மதிப்புகளை வைத்திருந்தால், பெயரைச் சாவியாகக் கொடுத்து எடுத்துவிடலாம்; அந்தப் பெயர் எவ்வளவு விஷமமாக இருந்தாலும் "அப்படி ஒரு சாவி இல்லை" என்பதோடு போய்விடும்.

இன்னொன்று, எழுத்து வடிவில் வந்த தகவலைப் பட்டியலாகவோ எண்ணாகவோ மாற்றுவது. ஒரு காலத்தில் ஜாவாஸ்கிரிப்ட் உலகமே இதற்கு ஈவாலைத்தான் நம்பியிருந்தது. சேவையகம் ஜேசன் என்ற எழுத்து வடிவில் அனுப்பும் தகவலை ஈவாலில் போட்டுத் திறப்பார்கள். 2009 டிசம்பரில் வந்த, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான எக்மாஸ்கிரிப்ட் 5 தரநிலை ஜேசனைப் படிக்கத் தனி ஃபங்ஷனை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. அது தகவலை மட்டும் படிக்கும், எதையும் ஓட்டாது. பைத்தானில் ஜேசன் நூலகத்தோடு, லிட்டரல் ஈவால் என்ற வசதியும் உண்டு. எண், ஸ்ட்ரிங், பட்டியல் போன்ற நேரடி மதிப்புகளை மட்டுமே அது ஏற்கும்.

மூன்றாவது, ஒரே மாதிரியான பல ஃபங்ஷன்களை உருவாக்குவது. எண்ணை இரண்டு மடங்காக்க ஒன்று, மூன்று மடங்காக்க ஒன்று, பத்து மடங்காக்க ஒன்று. இதற்கு நிரலை எழுத்தாக உருவாக்க வேண்டியதில்லை. ஒரு ஃபங்ஷன் இன்னொரு ஃபங்ஷனை உருவாக்கித் தரலாம். உள்ளே இருப்பது, தான் பிறந்த இடத்தில் இருந்த மதிப்பைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும். இதற்கு க்ளோஷர் என்று பெயர். பிஎச்பி மொழியின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. அங்கே ஃபங்ஷனின் உடலை ஸ்ட்ரிங்காகக் கொடுத்து ஓடும்போதே ஃபங்ஷன் உருவாக்கும் வசதி ஒன்று இருந்தது. 2009-இல் 5.3 பதிப்பில் க்ளோஷர்கள் வந்தன. அதன் பிறகு பழைய வசதி மெல்ல ஒதுக்கப்பட்டு, 2020-இல் 8.0 பதிப்போடு நீக்கப்பட்டே விட்டது.

இவை போக உண்மையாகவே நிரல் உருவாக்கம் தேவைப்படும் இடங்கள் மிஞ்சும். டெம்ப்ளேட் என்பது இடையிடையே மதிப்புகள் நிரப்பப்படும் மாதிரி உரை. ஜின்ஜா போன்ற டெம்ப்ளேட் நூலகங்கள், நாம் எழுதும் டெம்ப்ளேட்டைப் பைத்தான் நிரலாகவே மாற்றிக்கொள்கின்றன. ஒருமுறை மாற்றிவிட்டால், பிறகு எத்தனை முறை ஓட்டினாலும் வேகமாக ஓடும். டேட்டாகிளாஸ், உங்கள் புலங்களின் பெயர்களையே அளவுருக்களாகக் கொண்ட தொடக்க ஃபங்ஷனை எழுதித் தருகிறது. இத்தகைய இடங்களுக்கான வழிமுறைதான் அடுத்து.

மதிப்பை ஒட்டாதே, பெயரால் சுட்டு

கடிதத்துக்கே திரும்புவோம். அதிகாரி கடிதத்தை இப்படி மாற்றி எழுதினால் என்ன ஆகும்? "இத்துடன் உள்ள உறைக்குள் எழுதியிருக்கும் பெயரை உடையவரை உள்ளே அனுப்பவும்." கோடிட்ட இடமே இல்லை. வருபவர் உறைக்குள் எதை வேண்டுமானாலும் எழுதட்டும். பெட்டகத்தைத் திறக்கச் சொல்லி ஒரு பக்கம் எழுதினாலும், காவலாளிக்கு அது விசித்திரமான ஒரு நீண்ட பெயர் மட்டுமே. அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று சொல்லிவிடுவார்.

நிரலில் உறை என்பது ஒரு மாறி. பைத்தானின் ஈவாலும் எக்ஸெக்கும் ஸ்ட்ரிங்கோடு ஓர் அகராதியையும் ஏற்கும். ஓடும் நிரல் தனக்கு வேண்டிய பெயர்களை அதில் தேடிக்கொள்ளும். அந்த அகராதியை நேம்ஸ்பேஸ் என்பார்கள். ஆகவே உருவாக்கும் வரி இப்படி மாறும்:

வாழ்த்து = "வணக்கம், " + பயனர்_பெயர்

நேம்ஸ்பேஸில் பயனர்_பெயர் என்ற சாவிக்கு, பயனர் தந்த ஸ்ட்ரிங் மதிப்பாக வைக்கப்படும். பார்சர் பார்க்கும் எழுத்துகள் முழுவதும் இப்போது நம்முடையவை. பயனர் எத்தனை மேற்கோள் குறிகள் போட்டாலும் அவை பார்சர் கண்ணிலேயே படாது, ஏனென்றால் பார்சர் வேலை முடித்த பிறகுதான் அந்த மதிப்பு எடுக்கப்படுகிறது.

டேட்டாகிளாஸ் செய்வது இதையேதான். ஒரு புலத்துக்கு இயல்பு மதிப்பு வைத்திருந்தால், அந்த மதிப்பை நிரல் எழுத்துக்குள் எழுதுவதில்லை. புலத்தின் பெயரிலிருந்து தனக்கென ஒரு மறைவான பெயரை உருவாக்கி, மதிப்பை அந்தப் பெயரில் வைத்து, நிரலில் பெயரை மட்டும் குறிப்பிடுகிறது. இயல்பு மதிப்பு எழுத்தாகவே எழுத முடியாத ஏதோ ஒரு சிக்கலான பொருளாக இருந்தாலும் இது வேலை செய்யும். பாதுகாப்புக்காக மட்டும் செய்யும் ஏற்பாடு என்று இதை நினைக்க வேண்டாம். சரியாக இயங்கவே இதுதான் வழி.

தரவுத்தளத்தோடு வேலை செய்தவர்களுக்கு இது பழக்கமானதாகத் தோன்றும். எஸ்க்யூஎல் வினவலில் மதிப்புகளை ஒட்டாமல், கேள்விக்குறி போன்ற இடக்குறிகளை வைத்து மதிப்புகளைத் தனியாக அனுப்பச் சொல்வதும் இதே கொள்கைதான். வெளி நிரல் ஒன்றை இயக்கும்போது ஒரே நீளமான கட்டளை ஸ்ட்ரிங்காகக் கொடுக்காமல், நிரலின் பெயரையும் ஒவ்வொரு உள்ளீட்டையும் பட்டியலாகக் கொடுக்கச் சொல்வதும் அப்படியே. டிசிஎல் மொழியில் கட்டளைகளைக் கையால் ஒட்டாமல் லிஸ்ட் என்ற கட்டளையால் கோக்கச் சொல்வார்கள். அது ஒவ்வொரு மதிப்பும் எத்தனை இடைவெளியும் குறியும் கொண்டிருந்தாலும் ஒரே சொல்லாக நிற்கும்படி பார்த்துக்கொள்ளும்.

பெயர்களுக்கும் சோதனை உண்டு

மதிப்புகள் உறைக்குள் போய்விட்டன. ஆனால் சில நேரம் பெயரே வெளியிலிருந்து வரும். ஒரு கோப்பின் முதல் வரியில் உள்ள தலைப்புகளைப் படித்து, அவற்றையே புலங்களாகக் கொண்ட வகை ஒன்றை உருவாக்க வேண்டியிருக்கலாம். பெயர் நிரல் எழுத்துக்குள் வந்தே தீர வேண்டும். உறை இங்கே உதவாது. ஆகவே அது பெயர்தானா என்று கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும்.

மதிப்புகளுக்குப் புலப் பெயர் வைத்துத் தரும் பைத்தானின் நேம்டு டூப்பிள் இதற்கு நல்ல பாடம். தொடக்க காலத்தில் அது கிளாஸ் எனப்படும் வகையின் முழு நிரலையும் எழுத்தாக உருவாக்கி எக்ஸெக்கில் ஓட்டியது, 3.7 பதிப்பிலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டுமே அப்படி உருவாக்குகிறது. இரண்டு காலத்திலும் புலங்களின் பெயர்கள் நிரல் எழுத்துக்குள் போகின்றன. அதனால்தான் உள்ளே போகும் முன் அது நான்கு விஷயங்களைப் பார்க்கிறது. மொழி ஏற்கும் வடிவில் உள்ள பெயரா? மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொல்லாக இல்லாமல் இருக்கிறதா? அடிக்கோட்டில் தொடங்காமல் இருக்கிறதா? ஒரே பெயர் இரண்டு முறை வரவில்லையா?

முதல் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு ஸ்ட்ரிங் பெயர் வடிவில் இருக்கிறதா என்று சொல்லும் பைத்தான் வசதி, இஃப், ஃபார் போன்ற ஒதுக்கப்பட்ட சொற்களுக்கும் "ஆம்" என்றே சொல்லும். அது பார்ப்பது எழுத்துகளின் அமைப்பை மட்டும். புதியவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள். மூன்றாவது சோதனை, பெயர் மோதல் வராமல் இருக்க. உருவாக்கப்படும் நிரல் தன் சொந்தப் பயனுக்குச் சில பெயர்களை வைத்திருக்கும். வெளியிலிருந்து வரும் பெயரும் அதேபோல இருந்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். தாக்குபவர் யாரும் இல்லாமலே நிரல் தவறான விடை தரத் தொடங்கும். நேம்டு டூப்பிள் தன் பெயர்களை அடிக்கோட்டில் தொடங்கிவிட்டு, மற்றவர்களுக்கு அந்த வாசலை மூடிவிட்டது.

நினைவில் வைக்க: மதிப்புகள் நேம்ஸ்பேஸ் வழியாகப் போகட்டும். எழுத்தாகப் போகும் பெயர்களை ஏற்கத்தக்க வடிவம், ஒதுக்கப்பட்ட சொல், பெயர் மோதல் என்று சோதித்த பிறகே அனுப்ப வேண்டும்.

மேற்கோள் குறிகளைச் சரிசெய்துவிட்டால் போதாதா?

"பயனர் தரும் மேற்கோள் குறிகளுக்கு முன்னால் பின்சாய்வுக் கோடு போட்டுவிட்டால் தீர்ந்ததே" என்று பலர் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்சாய்வுக் கோட்டையே பயனர் தட்டச்சு செய்தால்? வரி முடிவுக் குறி வந்தால்? ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போக வேண்டும். மொழி தரும் கருவியைப் பயன்படுத்தினாலும் ஓட்டைகள் இருக்கும். பைத்தானில் ரெப்ர் என்ற ஃபங்ஷன், ஒரு மதிப்பை நிரலில் எழுதக்கூடிய வடிவில் தரும். சாதாரண ஸ்ட்ரிங்குகளுக்கும் முழு எண்களுக்கும் நன்றாக வேலை செய்யும். தசம எண்களில் முடிவிலியைக் கொடுத்துப் பாருங்கள். வருவது எண்ணாக இல்லாமல் வெறும் பெயராக இருக்கும்; அதை நிரலில் ஒட்டினால் "இப்படி ஒரு பெயர் இல்லை" என்ற பிழை வரும்.

இதைவிட வியப்பான கதை ஜாவாஸ்கிரிப்ட்டில் நடந்தது. ஜேசன் என்பது ஜாவாஸ்கிரிப்ட்டின் ஒரு பகுதிதான் என்று எல்லோரும் நம்பினார்கள். அதனால் ஒரு மதிப்பை ஜேசனாக்கி நிரலுக்குள் ஒட்டினால் சரியாக இருக்கும் என்று நினைத்தார்கள். யூனிகோடில் வரி பிரிப்பான், பத்தி பிரிப்பான் என்று இரண்டு அரிய எழுத்துகள் உண்டு. ஜேசன் ஸ்ட்ரிங்கில் அவை அப்படியே வரலாம். ஜாவாஸ்கிரிப்ட் ஸ்ட்ரிங்கில் வரக்கூடாது என்பது அப்போதைய விதி. யாரோ எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய உரையில் அந்த எழுத்து ஒன்று ஒளிந்திருந்தால் போதும், உருவான நிரல் உடைந்துவிடும். எக்மாஸ்கிரிப்ட் 2019 தரநிலையில்தான் இந்த வேறுபாடு சரிசெய்யப்பட்டது.

உறை வழியில் இந்தக் கவலை எதுவும் இல்லை.

பயனர் தரும் சூத்திரம்: மரத்தைப் பார்த்து முடிவு செய்

நடுவில் ஒரு சுவையான நிலை இருக்கிறது. அறிக்கை தயாரிக்கும் மென்பொருள் ஒன்றில், பயனரே "நீளம் * அகலம் * 2" என்று சூத்திரம் எழுதலாம் என்று வசதி தருகிறீர்கள். இங்கே வெளியிலிருந்து வருவதே கட்டளைதான். ஆனால் முழு மொழியும் தேவையில்லை, கணக்கு மட்டும் போதும்.

பலர் முதலில் முயல்வது தடைப் பட்டியல். ஆபத்தான சொற்களைப் பட்டியலிட்டு, அவை ஸ்ட்ரிங்கில் இருக்கின்றனவா என்று தேடுவார்கள். இது நம்பக்கூடாத வழி. பைத்தான், பெயர்களைப் படிக்கும்போது யூனிகோட் இயல்பாக்கம் செய்கிறது. அதாவது தோற்றத்தில் மாறுபட்ட அகல எழுத்துகளையும் கணித எழுத்துகளையும் சாதாரண எழுத்துகளாக மாற்றிக்கொள்கிறது. ஆகவே தடைசெய்த ஒரு ஃபங்ஷனின் பெயரை அகல எழுத்துகளில் எழுதினால் உங்கள் தேடலில் அது சிக்காது. பைத்தானுக்கோ அதே ஃபங்ஷன்தான்.

அடுத்து முயல்வது, காலியான நேம்ஸ்பேஸைக் கொடுப்பது. மொழியோடு வரும் ஃபங்ஷன்களையும் எடுத்துவிட்டால் சூத்திரத்தால் என்ன செய்ய முடியும் என்ற எண்ணம். பைத்தானில் எந்தப் பொருளுக்கும் பின்னால் புள்ளி வைத்து அதன் உள்விவரங்களைக் கேட்கலாம். வெறும் காலி அடைப்புக்குறிகளும் ஒரு பொருள்தான். அதன் கிளாஸ் எது என்று கேட்கலாம், அந்தக் கிளாஸின் மூல கிளாஸ் எது என்று கேட்கலாம், அந்த மூலத்திலிருந்து பிறந்த எல்லா கிளாஸ்களையும் பட்டியலிடச் சொல்லலாம். அந்தப் பட்டியலில், கோப்புகளையும் இயங்குதளத்தையும் தொடும் கிளாஸ் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். எந்தப் பெயரையும் கொடுக்காமலே, புள்ளிகள் வழியாக ஒருவர் வீடு முழுவதும் சுற்றிவர முடிகிறது.

சரியான வழி அனுமதிப் பட்டியல், அதையும் எழுத்தில் பார்க்காமல் மரத்தில் பார்ப்பது. ஸ்ட்ரிங்கைப் பார்சருக்குக் கொடுத்து மரத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். பைத்தானில் இதற்கான தொகுதி கூடவே வருகிறது. வாங்கும்போது எதுவும் ஓடாது. பிறகு மரத்தின் ஒவ்வொரு கணுவையும் பார்த்துக்கொண்டு போங்கள். எண்ணா? சரி. நாம் அனுமதித்த நீளம், அகலம் போன்ற பெயரா? சரி. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலா? சரி. இவை தவிர வேறு எதுவாக இருந்தாலும், ஃபங்ஷன் அழைப்போ, புள்ளியோ, நாம் கேள்விப்படாத புதிய வசதியோ, நிராகரித்துவிடுங்கள். நாளை மொழியில் புதிதாக ஒன்று சேர்ந்தாலும் அது தானாகவே வெளியே நிற்கும் என்பதுதான் அனுமதிப் பட்டியலின் பலம். இயல்பாக்கமும் பார்சரிலேயே முடிந்துவிடுவதால் எழுத்து மாறாட்டம் செல்லாது.

மரம் கையில் இருக்கும்போது ஈவாலைக் கூப்பிடக்கூடத் தேவையில்லை. கூட்டல் கணுவா, இரண்டு கிளைகளின் விடைகளைக் கூட்டு; பெருக்கலா, பெருக்கு. சிறிய ஃபங்ஷன் ஒன்று தன்னைத் தானே அழைத்துக்கொண்டு முழு மரத்தையும் கணக்கிட்டுவிடும். நான் இதையே பரிந்துரைப்பேன்.

அடுக்கு, அதாவது இரட்டை நட்சத்திரச் செயற்குறியை, அந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 9 ** 9 ** 9 என்று ஒருவர் எழுதினால், அதன் விடையில் சுமார் 37 கோடி இலக்கங்கள் இருக்கும். ஃபங்ஷன் இல்லை, புள்ளி இல்லை, வெறும் எண்கள்தான். ஆனாலும் உங்கள் சேவையகம் அதைக் கணக்கிட்டுக்கொண்டே உட்கார்ந்துவிடும். அடுக்கு வேண்டுமென்றால் எண்களுக்கு உச்சவரம்பு வையுங்கள். சூத்திரத்தின் நீளத்துக்கும் வரம்பு தேவை. அளவுக்கு மீறி அடுக்கடுக்கான அடைப்புக்குறிகள் பார்சரையே திணறச் செய்யலாம். முன்னே சொன்ன லிட்டரல் ஈவாலுக்கும் நினைவகம் தீர்ந்துபோகும் இந்த ஆபத்து உண்டு என்று பைத்தான் ஆவணமே எச்சரிக்கிறது.

இந்தப் பகுதியின் சாரம்: சூத்திரத்தை மரமாக்கு, அனுமதித்த கணுக்களை மட்டும் விடு, நீயே கணக்கிடு, அளவுக்கு வரம்பு வை.

அடுத்தவரின் முழு நிரலை ஓட்டுவது வேறு விஷயம்

இப்போது இரண்டாவது கேள்வி. அறிமுகமில்லாத ஒருவரின் நிரலை, மொழியின் எல்லா வசதிகளோடும், ஆனால் தீங்கு செய்யாதபடி, அதே இன்டர்ப்ரெட்டருக்குள் ஓட்ட முடியுமா? இப்படிச் சுற்றிலும் வேலி போட்ட இடத்துக்கு சாண்ட்பாக்ஸ் என்று பெயர்.

பைத்தானில் இதற்கென ஆர்எக்ஸெக் என்ற தொகுதி இருந்தது. ஓட்டைகளை அடைக்க முடியாமல் 2.3 பதிப்பில் முடக்கப்பட்டு, 3-இல் நீக்கப்பட்டது. பைத்தானின் மையக் குழுவைச் சேர்ந்த விக்டர் ஸ்டின்னர் பைசாண்ட்பாக்ஸ் என்ற திட்டத்தைப் பல ஆண்டுகள் வளர்த்துவிட்டு, 2013-இல் அதன் வடிவமைப்பே அடிப்படையில் பலிக்காது என்று வெளிப்படையாக அறிவித்தார். ஜாவாஸ்கிரிப்ட்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸின் விஎம் தொகுதி, தான் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இல்லை என்று தன் ஆவணத்திலேயே சொல்கிறது. அதன் மேல் கட்டப்பட்டுப் பரவலாகப் பயன்பட்ட விஎம்2 நூலகத்தில் 2023-இல் அடுத்தடுத்து வேலி தாண்டும் ஓட்டைகள் வெளிவந்தன. அதே ஆண்டு பராமரிப்பாளர் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தார்.

இவர்கள் எல்லோரும் திறமைசாலிகள். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் எந்தப் பொருளிலிருந்தும் எந்தப் பொருளுக்கும் வழி இருக்கிறது என்பதே அவர்களைத் தோற்கடித்தது. டிசிஎல்லிலும் லுவாவிலும் நிலைமை ஓரளவு மேல்; வேறு மென்பொருளுக்குள் பொருத்துவதற்கென்றே வளர்ந்த மொழிகள் அவை. டிசிஎல்லில் ஆபத்தான கட்டளைகள் இல்லாத தனி இன்டர்ப்ரெட்டரையே உருவாக்கலாம். லுவாவில் நிரலுக்குத் தெரியும் பெயர்களை முழுக்க நாமே தீர்மானிக்கலாம். அங்கேயும் லோட் ஃபங்ஷனுக்கு எழுத்து வடிவ நிரலை மட்டும் ஏற்கும்படி சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விஷமமாகத் திருத்திய பைட்கோடு இன்டர்ப்ரெட்டரையே கவிழ்த்துவிடும்.

மற்றபடி, வேலியை மொழிக்கு வெளியே போடுங்கள். தனி பிராசஸ் (தனியாக ஓடும் நிரல்), குறைந்த உரிமைகள், நேர வரம்பு, நினைவக வரம்பு, முடிந்தால் கன்டெய்னர் அல்லது வெப்அசெம்பிளி போன்ற தனித்து அடைத்த ஓட்டச் சூழல். இந்த வேலிகளைக் காப்பது இயங்குதளத்தின் வேலை, வெப்அசெம்பிளியில் அதை ஓட்டும் மென்பொருளின் வேலை; அதற்காகவே அவை கட்டப்பட்டிருக்கின்றன.

உருவான நிரலைக் கண்ணால் பார்க்க முடிய வேண்டும்

ஒன்று பாக்கி இருக்கிறது, பாதுகாப்பு பற்றிய பேச்சில் பலர் விட்டுவிடுவது. ஓடும்போது பிறந்த நிரலில் பிழை வந்தால், பிழைச் செய்தி எந்தக் கோப்பின் எந்த வரியைக் காட்டும்? கோப்பே இல்லையே. வெறுமனே "ஸ்ட்ரிங், வரி 7" என்று வரும், அந்த ஏழாவது வரி என்ன என்பது யாருக்கும் தெரியாது. தெரியாத நிரலை யாரும் சரிபார்க்கவும் முடியாது.

பைத்தானில் நிரலை ஓட்டும் முன் கம்பைல் ஃபங்ஷன் வழியாக அனுப்பினால், அதற்கு ஒரு கோப்புப் பெயரும் கொடுக்கலாம். உண்மையான கோப்பாக இருக்க வேண்டியதில்லை; எதை உருவாக்கியது என்று தெரியும்படி ஒரு பெயர் போதும். டேட்டாகிளாஸ் போலவே வேலை செய்யும் ஆட்டர்ஸ் நூலகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தான் உருவாக்கிய நிரலின் வரிகளை, பைத்தான் பிழைச் செய்தி காட்டும்போது தேடிப் பார்க்கும் லைன்கேஷ் என்ற நினைவகத்தில் பதிந்துவைக்கிறது. பிழை வரும்போது, கையால் எழுதிய நிரல் போலவே அந்த வரியும் திரையில் தெரியும், பிழை தேடும் கருவியான டீபக்கரில் அடியெடுத்து வைத்துப் பார்க்கவும் முடியும். உங்கள் நிரல் உருவாக்கும் ஃபங்ஷனையும் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: ஸ்ட்ரிங்கை உருவாக்கித் தருவது ஒன்று, அதை ஓட்டுவது ஒன்று. முதலாவதற்கு மேற்கோள் குறி, பின்சாய்வுக் கோடு, வரி முடிவு, ஒதுக்கப்பட்ட சொல், காலி ஸ்ட்ரிங் எல்லாவற்றையும் உள்ளீடாகக் கொடுத்து, வெளியே வரும் எழுத்தை எதையும் ஓட்டாமலே படித்துப் பார்த்துவிடலாம்.